பாப்பாவை எழுப்ப ஒரு போன்

ஆறு வயதுப் பிள்ளை பாயில் மூத்திரம் போகிறது என்று சொன்னால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். எனக்கு இது தெரிந்தது கம்பெனி கேண்டீனில். வாய் தவறிப்போய் ஒருத்தியிடம் சொன்னேன். சாம்பார் வாளி அடுத்த மேஜைக்குப் போவதற்குள் என் வீட்டு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. எள்ளுருண்டை கொடு என்றாள் ஒருத்தி. பொழுது சாய்ந்த பிறகு பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்றாள் இன்னொருத்தி. எதையோ பார்த்துப் பயந்திருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டு என்றது பின்னாலிருந்து ஒரு குரல். செய்யூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள் மட்டும் எழுந்து வந்து, என் காதோடு காதாக, "தவளயப் புடிச்சி இடுப்புல கட்டி வுடுக்கா. அது துள்ற துள்ளுல இது நின்னுடும்" என்றாள்.

"எனக்குக் கட்டிக்கவா, அவளுக்குக் கட்டவா?" என்று கேட்டேன். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சோறு இறங்கவில்லை.

கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை எங்களுக்கு. சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினால் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் நைட் என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அங்கேதான் பாப்பாவின் அப்பாவை, அந்த ஆளைப் பார்த்தேன். அவர் கடப்பாக்கம், மீன்பிடிக்கிற குடும்பம். நான் செங்கல்பட்டுப் பக்கத்துக் காலனிக்காரி. தாலி ஏறிய அன்றைக்கே என் அம்மா வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். போகட்டும், இவர் இருக்கிறாரே என்று இருந்தேன். பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவர் வேறொருத்தியோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் வராது. விட்டுவிடுகிறேன்.

அவர் போன பிறகுதான் அவளுக்கு இது ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வருஷமாகப் பாய் நனைந்ததே இல்லை. முதல் நாள் தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது நாள் குளிர் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனதும் நினைப்பதை நிறுத்திவிட்டு ரப்பர் ஷீட் வாங்கப் போனேன். கடைக்காரர் "கைக்கொழந்தைக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என்னத்தைச் சொல்வது?

நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாக ஒற்றை ஒற்றை அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். அங்கே பல்பு எரிகிற நாள் திருவிழா நாள். ராத்திரியில் அவ்வளவு தூரம் நடக்க எனக்கே நெஞ்சு திக்கென்னும், குழந்தை எப்படிப் போகும்? விடிந்தால் மோட்டார் போடுகிற நேரத்துக்குள் பாயையும் போர்வையையும் அலசி, மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு, அவளைக் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மாடியில் எந்தக் கொடியில் யார் துணி என்று லைன் முழுக்கத் தெரியும். தினம் ஒரே போர்வை காய்ந்தால் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் பாப்பாவை அடுத்த அறை அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். பாயில் போடுங்கள், என் ரப்பர் ஷீட்டை விரியுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்வேன். அந்தம்மா நல்ல மனசுக்காரி, அதுதான் கோளாறு. மழை பெய்த ஒரு நாள், தரை சில்லென்று இருக்கிறதே என்று குழந்தையைத் தன் மெத்தையில் படுக்க வைத்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. காலையில் நான் வந்து இறங்கும்போது அது என் கதவில் சாய்ந்து நின்றது.

"இனிமே என்னால ஆவாதும்மா. பஞ்சுல எறங்கிப்போச்சி. எத்தினி வெயில்ல போட்டாலும் அந்த வாட போவாது."

"மெத்தையில போட சொன்னது யாருக்கா? நான் ரப்பர் சீட்டு குட்தனுப்பல?"

"கொழந்தையாச்சேன்னு போட்டா எங்கிட்டயே எகிர்றியா நீ?"

நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. ராத்திரி முழுக்க நின்றுகொண்டே டேப் சுற்றிவிட்டு வந்த எரிச்சல் எனக்கு. மெத்தை போன வயிற்றெரிச்சல் அவளுக்கு. பாப்பா படியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த அக்காவே அழுதுவிட்டாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த லைனில் எனக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று.

செங்கல்பட்டில் ஒரு குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். மூத்திரத்தை டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், மற்றவர்கள் எதிரில் பேசாதீர்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், படுக்கப்போகும் முன் போகச் சொல்லுங்கள் என்றார். நடுவில் எழுப்பினால் நன்றாக முழிக்க வையுங்கள், அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தால் பிரயோஜனமில்லை என்றார். "தானா நின்னுடும்மா, கொஞ்சம் பொறுமையா இருங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, கத்தலாம் போலவும் இருந்தது. பொறுமை எனக்கு இருக்கிறது. நைட் ஷிஃப்டில் பக்கத்தில் படுக்க ஓர் ஆள்தான் இல்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணி வந்தார். அந்த ஆளுடைய அக்கா. கடப்பாக்கத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். தம்பி செய்த காரியத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் வஞ்சிர மீனோடு வந்து இறங்கினார்.

"அவன் போனா போறான், வுடு. பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு. கொஞ்ச நாளு நான் வச்சினு இருக்கறேன். நீ பேஜாராவாம வேலையப் பாரு."

"அண்ணி, அவ ராத்திரில பாயில..."

"தெரியும், தெரியும். எங்கூட்டுப் பசங்க இன்னா தங்கத்துலயா போவுது?"

பாய் நனையாமல் இருக்கிற நாள் வந்ததும் அழைத்துக்கொள்வேன் என்று சொன்னேன். அண்ணியிடம் சொன்னதைவிட எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதிகம். ஒன்றாம் வகுப்புதானே என்று பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். பாப்பாவிடமும் சொன்னேன். அவள் சரி என்றாள். அழவில்லை. நான்தான் ரயில்வே கேட் வரைக்கும் பின்னாலேயே போய் நின்றேன்.

அங்கே வெயில் காலத்தில் யாரும் வீட்டுக்குள் படுப்பதில்லை. வாசல் மணலில் ஒரு படுதாவை விரித்து, பிள்ளைகள் எல்லாம் வரிசையாகக் கிடப்பார்கள். பாப்பாவை ஓரத்தில் போட்டுக்கொண்டார் அண்ணி. முதல் வாரம் போனில் நான் தினமும் கேட்டேன், போனாளா, நனைந்ததா என்று. "போச்சி. மணலு குடிச்சிடுச்சி. ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினேன், அவ்ளோதான். உனுக்கின்னா அதுல?" என்றார். எனக்கு இன்னாவா? எனக்கு அதுதான் எல்லாமே. அது நின்றால் என் பிள்ளை என்னிடம் வரும்.

டாக்டரம்மா சொன்னது மனசிலேயே இருந்தது. நன்றாக முழிக்க வைக்க வேண்டும். பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன, போன் இருக்கிறதே என்று தோன்றியது. நைட் ஷிஃப்டில் சாப்பாட்டு நேரத்தில் நான் கூப்பிடுகிறேன், அவள் காதில் வையுங்கள், பேசி முழிக்க வைக்கிறேன், பிறகு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். மற்ற ஷிஃப்டுகளில் வீட்டிலிருந்தே அதே நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து கூப்பிடுவேன். அண்ணி "சரி, பண்ணு" என்றார்.

கம்பெனியில் வேலை நடக்கிற லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு பெல் அடித்ததும் மற்றவர்கள் தட்டு எடுக்க ஓடினால் நான் லாக்கருக்கு ஓடுவேன். செருப்பு அடுக்கி வைக்கிற ரேக்குக்குப் பக்கத்தில், தலையில் தொப்பி, மேலே நீலக் கோட்டு, ஒரு காதில் போன், இன்னொரு காதில் விரல். அந்தப் பக்கம் அண்ணி செருமிக்கொண்டு எழுந்து, மணலில் நடந்து, போனை அவள் காதில் வைப்பது எல்லாம் கேட்கும். அலையும் கேட்கும்.

"பாப்பா. எழுந்திருடா. அம்மா பேசறேன்."

"உம்."

"முழிச்சிக்கினியா?"

"உம். அம்மா, கடல்ல போட்டு மேல ஆடு ஏறிடுச்சி."

"ஐயையோ. ஆட்டுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. நான் புடிச்சினு கீறேன்."

பகலில் கூப்பிட்டால் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். இன்னா சாப்பிட்ட, சோறு. அத்தைகிட்ட குடுக்கறேன். அவ்வளவுதான். ராத்திரியில்தான் என் பிள்ளை என்னிடம் பேசினாள். ஒரு நாள் தன் பல்லுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்றாள். ஒரு நாள் சும்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அம்மா என்று அல்ல, பேரைச் சொல்லி. இன்னொரு நாள், "அம்மா, எங்க கீற?" என்றாள். கம்பெனியில் என்றேன். "லைட்ட அமுத்திட்டு வா" என்றாள். அதைக் கேட்டு அன்றைக்கு ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். லைனுக்குத் திரும்பி டேப் சுற்றும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவள், "இன்னாடி, சாப்டாம தனியா பேசிகினு கீற, பைத்தியமா?" என்றாள். ஆமாம் போ என்றேன். அந்த ஒரு போனுக்காகவே மற்ற நேரமெல்லாம் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசுவதில்லை.

பங்குனி முடிகிற சமயத்தில் அண்ணி சொன்னார், "பாப்பா பக்கம் படுதா காஞ்சிகினு கீதுமே." நான் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னார். சித்திரை முழுக்கக் காய்ந்தே இருந்தது. அடேயப்பா, எனக்கு வந்த கர்வத்தைப் பார்க்க வேண்டுமே! டாக்டரம்மா சொன்ன மாதிரியே செய்து, செருப்பு ரேக் பக்கத்தில் நின்றே என் பிள்ளையைக் குணப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போட்டு, கெஞ்சி, மறுபடி சண்டை போட்டு ஜெனரல் ஷிஃப்ட் வாங்கினேன். இனி ராத்திரியில் வீட்டில் இருக்கலாம். லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, உள்ளேயே பாத்ரூம் இருக்கிற ஓர் அறைக்கு மாறினேன். பாத்ரூமில் பெரிய பல்பாகப் போட்டேன். ராத்திரியும் அதை அணைக்காமல் ஒத்திகை பார்த்தேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அவளை அழைத்துவரக் கடப்பாக்கத்துக்குப் போனேன்.

அன்று ராத்திரி நானும் அந்தப் படுதாவில், அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன். போன் போடும் நேரத்துக்குப் பழக்கத்தில் எனக்கு முழிப்பு வந்தது. அவள் அசையவில்லை. எழுப்பலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி கையை ஆட்டி வேண்டாம் என்றார். கண் அயர்ந்துவிட்டேன். மறுபடி முழித்தபோது விடிய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் குப்பமே எழுந்திருந்தது. போட்டுகள் கடலுக்குப் போகிற நேரம். டார்ச்சுகள் நடமாடின, இன்ஜினை முடுக்குகிற சத்தம், ஒருவன் இன்னொருவனை அசிங்கமாகத் திட்டுகிற சத்தம், டீ கொதிக்கிற வாசனை. படுதாவில் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தன. பாப்பாவும் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மற்றப் பெண்களோடு வீட்டுக்குப் பின்னால் போனாள், வந்தாள். அண்ணியின் டம்ளரிலிருந்து ஒரு வாய் டீ வாங்கிக் குடித்தாள். மறுபடி வந்து படுத்துத் தூங்கிவிட்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

போட்டுகள் போன பிறகு அண்ணியிடம் கேட்டேன். அவர் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தினிக்கும் இப்டித்தான். சத்தத்துல எல்லாமே எழுந்துக்கும், அதுவும் எழுந்துக்கும், போயிட்டு வந்து படுத்துக்கும்."

"அப்ப நான் போன் பண்ணி முழிக்க வச்சது?"

"எங்க முழிச்சிச்சி? காதுல வெச்சா ஏதோ ஒளறும். நீ பேசிகினே இருப்ப. கூப்ட்டுகினு போனா நின்னுகினே தூங்கும், ஒரு சொட்டு வராது. சொல்லிடலான்னுதான் பாத்தேன். நீ அம்மாம் ஆசையா பேசற, எப்டி சொல்றது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பாப்பா எழுந்ததும் பல் தேய்க்கக் கூட விடாமல் கேட்டேன். போட்டு மேல் ஆடு ஏறியதே, நினைவிருக்கிறதா? "எந்த ஆடு?" என்றாள். லைட்டை அணைத்துவிட்டு வா என்று அம்மாவிடம் சொன்னாயே? அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் எப்பம்மா உங்கூட ராத்திரில பேசினேன்?" என்றாள். அத்தனை நாளும் நான் ஒருத்தி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, போகட்டும். யாரால் நின்றால் என்ன, நின்றதே. அதுதானே வேண்டும். மனசைத் தேற்றிக்கொண்டு துணிகளைப் பையில் அடுக்கினேன். அண்ணி கருவாடு கட்டிக் கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கியது, உடனே மீன் வண்டி வந்துவிட்டது என்று போய்விட்டார். பாப்பா கிளம்பும் முன் பாத்ரூம் போய்விட்டு வந்தாள். மாமல்லபுரத்தில் இறங்கினால் அங்கிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் மாற வேண்டும். இறங்கியதும் "வருதும்மா" என்றாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டிப்போனேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி "வருது" என்றாள். மறுபடி கூட்டிப்போனேன். உள்ளே போனவள் அப்படியே வெளியே வந்தாள்.

"வரல."

"இன்னாடி வெளாட்டு இது? பஸ்ஸு கெளம்பப்போவுது, ஏறு."

அவள் ஏறவில்லை. செருப்பால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வரலம்மா. அங்க வந்தா வரும்."

"எங்க?"

"நம்ம வூட்ல."

"அது பழைய வூடு இல்லடா. புது வூடு. உள்ளயே பாத்ரூம் கீது, பெரிய லைட்டு கீது. அம்மா இனிமே நைட்டுக்குப் போவமாட்டேன். ராத்திரில்லாம் உங்கூடவே இருப்பேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம் அது. ஆறு வயதில் அந்த முகம் எங்கிருந்து வந்தது?

"நீ இருந்தாத்தாம்மா வருது," என்றாள். "காலைல நீ பாய அலசிகினே அழுவ இல்ல? அத நெனச்சினே தூங்குவனா, வந்துடும்."

நான் அழுதது உண்மைதான். அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்தேன். குழாயடியில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அழுவேன், சத்தம் வராமல். அவள் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர், "செங்கல்பட்டு, செங்கல்பட்டு, ஏர்றியாம்மா இன்னா?" என்று கத்தினார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த பஸ் போய்விட்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, கடப்பாக்கம் வழியாகப் பாண்டிச்சேரி போகிற பஸ்களுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவளுக்குப் புரியச் சிறிது நேரமானது. புரிந்ததும் என் கையை ஒரு தரம் அழுத்தினாள்.

"தேங்க்ஸ்மா," என்றாள்.

பெற்றவளுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? எனக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. அவள் கீழேயிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வரும் வரைக்கும் நான் அழவில்லை.